ஊஞ்சல் கொக்கியில் நாற்பது நிமிடம்

நர்ஸ் வேலையில் எனக்குப் பதினோரு வருட அனுபவம் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வேன். அதில் நாற்பது நிமிடம் தரையிலிருந்து நாலடி உயரத்தில் கழிந்தது என்பதை மட்டும் பயோடேட்டாவில் போடுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஹாலில், ஊஞ்சல் கொக்கியில், ஒரு ஜமுக்காளத்துக்குள் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில்தான். என் நோயாளி கட்டிலில் படுத்தபடி என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

(இதைப் படித்துவிட்டு யாரும் என் டிப்ளமாவைச் சந்தேகப்பட வேண்டாம். அதை ஒழுங்காகப் படித்துத்தான் வாங்கினேன். சந்தேகம் இருந்தால் என் மூளையின் மேல் படுங்கள்.)

நான் முசிறிக்காரன். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். நான் நர்சிங் சேர்ந்ததில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. "ஒரு தாரைத் தூக்கிக்கிட்டு வரப்புல நாலு எட்டு வைக்கத் தெரியல, இவன் மனுசனைத் தூக்கப் போறானாம்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது என் எடை நாற்பத்தேழு கிலோ. அதுவும் செருப்பு, பர்ஸ், வாட்ச் எல்லாம் சேர்த்து. மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

படிப்பு முடிந்ததும், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் திருச்சியில் வேலை கிடைத்தது. அங்கே எங்களுக்கெல்லாம் மேலதிகாரி ஜெசிந்தா சிஸ்டர். அதிகம் பேச மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதற்கு மேலாக நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வார்கள். என் முதல் கேஸைக் கொடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனவரு. வாக்கரைப் பிடிச்சு எழுந்து நிக்கலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. அவருதான் நிக்க மாட்டேங்கிறாரு. ரெண்டு வாரத்துல நிக்க வை."

அவர் பெயர் மாணிக்கம். திருவெறும்பூர் பக்கத்தில் இருக்கும் பெரிய தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ரிக்கராக இருந்தவர். (ரிக்கர் என்றால், டன் கணக்கில் கனக்கிற இரும்புச் சாமானுக்குச் சங்கிலி மாட்டி, கிரேன் டிரைவருக்குக் கையாலேயே ஜாடை காட்டி, அதைத் தூக்கி நகர்த்தி இறக்க வைப்பவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினம் ஐந்து முறை சொன்னார்.) தலைக்கு மேலே வீடு மாதிரி பாய்லர் டிரம் போய்க்கொண்டிருக்க, கீழே நின்று வெற்றிலை போட்ட மனிதர். ரிட்டயர் ஆகி, மனைவி செண்பகம் அம்மாவின் ஆசைக்காக ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தவர், டியூப் லைட் மாற்றும்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து விழுந்துவிட்டார். விழுந்ததைவிட, எதிலிருந்து விழுந்தோம் என்பதுதான் அவருக்கு அவமானம். பார்க்க வருகிறவர்களிடம் "ஏணியில இருந்து" என்று சொல்லச் சொல்லி எனக்கு முதல் நாளே உத்தரவு.

பழைய காலத்து வீடு. உள் அறைகள் எல்லாம் சின்னவை என்பதால் ஹாலில் இருந்த ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். ஊஞ்சல் போய்விட்டது. உத்தரத்தில் அதன் கொக்கிகள் மட்டும் இருந்தன. அந்தக் கொக்கிகளைத்தான் அவர் மல்லாந்து படுத்தபடி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தொண்ணூற்றிரண்டு கிலோ உடம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். திருப்பும் முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து.

"பத்துக்கு எவ்வளவு சார்?"

"ரெண்டு."

திருப்புவேன். கட்டில் கம்பியை அவர் பிடிக்கிற பிடியில் கம்பி முனகும். நெற்றியில் வேர்வை பூக்கும்.

"இப்போ எவ்வளவு சார்?"

"ரெண்டுதான் தம்பி. அத விடு, தொண்ணூத்தி ரெண்டாம் வருசம் ஒரு டிரம் தூக்கினோம் பாரு..."

நானும் கேஸ் ஷீட்டில் இரண்டு என்று எழுதினேன். மறுநாளும் இரண்டு. அடுத்த நாளும் இரண்டு. உலகத்திலேயே வலி குறைவான நோயாளி எனக்குக் கிடைத்திருக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. எழுந்து நடக்கும் முன்பு வலி இருந்தால் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். இரண்டுக்கு எதற்கு மாத்திரை என்று நான் அட்டையைப் பிரிக்கவே இல்லை. அது அவர் தலைமாட்டில் இருந்த மேஜையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், புதுசாக இருந்தது.

ஆனால் நிற்க மட்டும் மாட்டேன் என்றார். ஒருநாள் நானே துணிந்து, அவர் அக்குளில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கினேன். (அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது என்பது நர்சிங்கில் முதல் வருடப் பாடம். அன்றைக்கு நான் கல்லூரிக்குப் போயிருந்தேன், சத்தியமாக.) மூன்று என்று சொல்லும்போது அவர் அப்படியே இருந்தார். நான்தான் அவர் மேல் கவிழ்ந்து கிடந்தேன்.

"தம்பி, எறங்கு," என்றார். "லோடைத் தூக்குறதுக்கு முன்னாடி அது என்ன வெயிட்டுனு பார்க்கணும். சிலிங்கை, அதான் கட்டித் தூக்குற பட்டைய, எங்க போடணும்னு பார்க்கணும். நீ என்னடான்னா தேங்கா மூட்டையப் பொரட்டுற மாதிரி பொரட்டுற."

அன்றைக்குக் கேஸ் ஷீட்டில் நான் எழுதியதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. 'வலி: 2. நோயாளியிடம் ஒத்துழைப்பு இல்லை.' எழுதிவிட்டு அடியில் கோடு வேறு போட்டேன்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்தார். "சனிக்கிழமை காலைல நான் வர்றேன். அன்னைக்கு அவர் நிக்கணும். இல்லன்னா கேஸை வேற ஆளுக்கு மாத்திடுவேன். நீ கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வா." ஊர் என்று அவர் சொன்னதும் எனக்கு அப்பாவின் டீக்கடைச் சிரிப்பு கேட்டது. முசிறியில் இருக்கும் எல்லா வாழைத்தார்களும் எனக்காகத் தலைகீழாகக் காத்திருப்பதாகத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் மாணிக்கம் சாரிடமே போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார்.

"நீ தூக்கினா நான் நிக்க மாட்டேன். கிரேன் தூக்கினா நிப்பேன்," என்றார்.

"கிரேனுக்கு எங்க சார் போறது?"

அவர் விரலை மேலே நீட்டினார். அங்கே ஊஞ்சல் கொக்கி இருந்தது.

திட்டம் இதுதான். அவருடைய பழைய சிநேகிதர் பழனிமுத்து திருவெறும்பூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு செயின் பிளாக் இருக்கிறது. அதை உத்தரத்தில் மாட்டிவிட்டால் போதும், அதில் தொங்கும் கைச்சங்கிலியை ஒரு பக்கம் இழுத்தால் சுமை மேலே போகும், மறுபக்கம் இழுத்தால் கீழே இறங்கும். ஒரு குழந்தைகூட அரை டன்னைத் தூக்கிவிடலாம். கட்டிலைக் கொக்கிக்குக் கீழே நகர்த்தி, ஜமுக்காளத்தில் சாரை உட்கார வைத்து, நாலு முனையையும் மாட்டி, மெல்லத் தூக்கி, பாதம் தரையில் படுகிற மாதிரி நிறுத்தி வாக்கரைக் கையில் கொடுத்துவிட வேண்டியது. சிஸ்டர் வரும்போது நோயாளி நின்றுகொண்டிருப்பார்.

இந்தத் திட்டத்தைக் கேட்டு, படித்த ஒரு நர்ஸ் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது: "சூப்பர் சார்."

ஒரே தடை செண்பகம் அம்மா. கணவரின் சிநேகிதர்கள் பஜ்ஜியும் கையுமாக வந்து நாள் முழுக்க உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள் என்று, அவர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வாசல் கிரில் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாரின் செல்போனையும் அதே காரணத்துக்காகச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழனிமுத்து ஒரு பெரிய கட்டைப்பையோடு வந்தார். மேலே கத்திரிக்காய், கீழே செயின் பிளாக்.

"என்ன, கத்திரிக்கா இவ்வளவு கனம் கனக்குது?" என்று அம்மா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி பாய்ச்சிட்டானுங்க," என்றார் பழனிமுத்து. அம்மா கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம்.

சனிக்கிழமை. அம்மா குளித்து, பூ வைத்து, கேட்டைப் பூட்டிக்கொண்டு பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினார். சனிக்கிழமைக் கூட்டத்தில் திரும்பிவர ஒரு மணி நேரமாவது ஆகும், ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் சிஸ்டரும் வருவார். நான் சாப்பாட்டு மேஜையை ஹாலுக்கு நடுவில் இழுத்துப் போட்டு ஏறி, செயின் பிளாக்கைக் கொக்கியில் மாட்டினேன். பிறகு மேஜையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். (வாழ்க்கையில் நான் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்தது அந்த ஒரு தடவைதான். அதுவே எனக்கு வினையாகப் போயிற்று.)

கட்டிலை நகர்த்தப் போனேன். சார் உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார்.

"மொதல்ல லோடு டெஸ்ட்."

"அப்படின்னா?"

"மனுசனைத் தூக்குறதுக்கு முன்னாடி ஏதாச்சும் வெயிட்டை வெச்சுத் தூக்கிப் பார்க்கணும். டெஸ்ட் பண்ணாத சங்கிலிய நான் தொட்டதே இல்ல."

வீட்டில் சுற்றிலும் பார்த்தேன். அரிசி மூட்டை பாதிதான் இருந்தது. கிரைண்டர் கல்லைத் தூக்க என்னால் முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தோம். அவர் என் உடம்பைப் பார்த்தார், நான் கண்ணாடியில் பார்த்தேன்.

ஜமுக்காளத்தின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, செயின் பிளாக்கின் கீழ்க் கொக்கியில் மாட்டி, உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கைச்சங்கிலியை ஏற்கனவே கட்டில்வரை இழுத்து அவர் கையில் கொடுத்திருந்தேன். "கைய உள்ள வெச்சுக்க தம்பி. லோடுல எதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது," என்றார். கையை உள்ளே வைத்துக்கொண்டேன். அவர் சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார்.

கடகடவென்று சத்தம் வந்தது. ஜமுக்காளம் இறுகியது. என் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. கைகள் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. தலை மட்டும் வெளியே இருந்தது. ஒரு அடி, இரண்டடி, மூன்றடி. போதும் சார் என்றேன். அவர் காதில் விழவில்லை. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு கை இழுக்க, இன்னொரு கை ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றி, இல்லாத கிரேன் டிரைவருக்கு 'தூக்கு, தூக்கு' என்று ஜாடை காட்டியது. ஆர்வத்தில் இன்னும் கொஞ்சம் எக்கினார். இடுப்பில் சுரீரென்று ஏதோ பிடித்திருக்க வேண்டும். "ஆங்" என்றார். சங்கிலியை விட்டுவிட்டார்.

சங்கிலி ஆடிக்கொண்டே வந்து ஹாலுக்கு நடுவில், எனக்குப் பக்கத்தில், நேராக நின்றது. கட்டிலில் இருந்து நாலு எட்டுத் தூரம்.

இரண்டு பேரும் சங்கிலியைப் பார்த்தோம். மின்விசிறி மட்டும் ஓடியது.

"லோடு டெஸ்ட் பாஸ்," என்றார் மெல்ல.

"எறக்குங்க சார்."

அவர் முதுகு சொறியும் மரக்கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. வாக்கரைப் படுத்தபடியே தூக்கி அதன் காலால் சங்கிலியை இழுக்கப் பார்த்தார். அது என் ஜமுக்காளத்தில் பட்டு என்னைச் சுழற்றிவிட்டது. சுவாமி படம், டிவி, சார், சமையலறை, சுவாமி படம் என்று வீடு முழுக்க இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன். பல்லால் கடித்து இழுக்கச் சொன்னார். கிரீஸ் நாற்றத்தோடு கடித்து இழுத்தேன். ஓர் அங்குலம் மேலே போனேன். தப்பான பக்கத்துச் சங்கிலி.

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே அது அதிர்ந்து அதிர்ந்து நின்றது. ஜெசிந்தா சிஸ்டராகத்தான் இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறும் முன் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

"உனக்குப் பத்துக்கு எவ்வளவு தம்பி?" என்று சார் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"பத்து."

"தொங்கி அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ள பத்தா?"

"கால் மரத்துப் போச்சு சார். இடுப்பு பிட்டுக்கிட்டுப் போவுது. பத்துதான். உங்களுக்கு மட்டும் எப்படி சார் எப்பப் பார்த்தாலும் ரெண்டு?"

நான் ஜமுக்காளத்தில் மெல்லத் திரும்பி அவரை நேருக்கு நேர் பார்க்கும்வரை காத்திருந்தார்.

"எட்டு," என்றார்.

"என்னது?"

"ஆபரேசன் ஆன நாள்ல இருந்து எட்டு. நீ திருப்பும்போது ஒம்பது. அன்னைக்கு அக்குள்ல தூக்கினியே, அது பத்து."

மேலே தொங்கிக்கொண்டே நான் இரண்டு வாரத்துக் கேஸ் ஷீட்டையும் மனசுக்குள் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு. கோடு போட்ட 'ஒத்துழைப்பு இல்லை'. தலைமாட்டில் பிரிக்காத மாத்திரை அட்டை. எட்டு வலியோடு படுத்திருந்த மனிதனை மாத்திரைகூடக் கொடுக்காமல் தினம் பத்துத் தடவை புரட்டிப் போட்டிருக்கிறேன். அந்த வேர்வையை நான் பார்த்தேன், துடைத்தும் விட்டேன், என்ன ஏது என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் அப்படியே அழுதேன்.

"ஏன் சார் சொல்லல?"

"முப்பது வருசம் முன்னாடி ஒருநாள் முதுகு வலிக்குதுன்னு சொன்னேன் தம்பி. லைட் டியூட்டின்னு போட்டுட்டானுங்க. ஆறு மாசம் டூல் ரூம் ஜன்னல்ல உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன். கிரேனுக்குக் கை காட்டின ஆளு, போறவன் வர்றவனுக்கெல்லாம் ஸ்பேனர். அதுல இருந்து வலின்னு வாயால சொல்றதில்ல." வாசல் பக்கம் பார்த்தார். "அதுவுமில்லாம என் வீட்டுக்காரி காதுல எட்டுன்னு விழுந்துச்சுன்னா வெச்சுக்க, இன்னும் ரெண்டு கிழமை விரதம் இருப்பா. ஏற்கனவே வாரத்துல மூணு நாள் சாப்பிடறதில்ல."

எனக்குப் படிப்பு ஞாபகம் வர நான் தரையை விட்டு நாலடி மேலே போக வேண்டியிருந்தது. "சார், தலைமாட்டுல மாத்திரை இருக்கு பாருங்க. அத ஒண்ணு போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டார். உடனே முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"இருங்க சார். அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி எழுந்திரிக்கக் கூடாது."

"தம்பி, நீ தொங்குற."

"பரவாயில்ல சார். அரை மணி நேரம்."

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக நர்ஸ் வேலை பார்த்த முதல் அரை மணி நேரம் அதுதான். சுவர்க் கடிகாரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்த முள் மாதிரி சோம்பேறியை நான் பார்த்ததில்லை. நடுவில் போன் இன்னும் இரண்டு தடவை அதிர்ந்தது. வாசலில் கீரைக்காரம்மா வந்து, கிரில் வழியாக எட்டிப் பார்த்து, "அரைக்கீரை, சிறுகீரை" என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் "மணத்தக்காளி" என்று முடிக்காமலே போய்விட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. "இப்போ எவ்வளவு சார்?"

யோசித்தார். நேர்மையாக யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "அஞ்சு."

"சரி. முழங்கை ஊனி எழுந்திரிங்க. காலை மெல்ல தொங்கப் போடுங்க. தலை சுத்துதா? ஒரு நிமிசம் அப்படியே உக்காருங்க."

அவர் விழுந்தால் பிடிக்க எனக்குக் கை இல்லை. என் வேலை போவது, வாழைத்தார், அப்பா சிரிப்பு எல்லாம் அப்போது நினைவில் இல்லை. இந்த மனிதர் விழாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரங்கநாதர் இருக்கிற திசை எது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் வேண்டிக்கொண்டேன்.

"வாக்கரை ரெண்டு கையாலயும் பிடிங்க. முன்னாடி சாஞ்சு, மெல்ல."

எழுந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் நின்றார். இரண்டு வாரமாக நான் படுத்தே பார்த்த மனிதர் நின்றதும்தான் தெரிந்தது, என்ன உயரம்.

"எவ்வளவு சார்?"

"ஆறு. கணக்கு கேக்காத, அடுத்து என்னன்னு சொல்லு."

"மொதல்ல வாக்கர். அப்புறம் ஆபரேசன் ஆன கால். அப்புறம் நல்ல கால்."

ஒரு எட்டு. நின்றார், மூச்சு வாங்கினார். இரண்டு. மூன்று. மூன்றாவதில் ரொம்ப நேரம் நின்றுவிட்டார். போதும் சார், திரும்பிப் போய் உக்காருங்க என்றேன். "லோடை அந்தரத்துல விட்டுட்டு நான் டியூட்டியை விட்டுப் போனதே இல்ல," என்றார். நாலாவது எட்டு வைத்தார். ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சங்கிலியைத் தொட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கிரில் கேட் திறந்தது. கையில் துளசியோடு செண்பகம் அம்மா. பின்னாலேயே ஜெசிந்தா சிஸ்டர்.

அம்மா முதலில் பார்த்தது கணவரை. துளசி கையில் இருந்து விழுந்தது. அவர் நிற்பதைப் பார்த்துக் கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. அப்புறம்தான் பார்வை கொஞ்சம் மேலே வந்தது. ஜமுக்காளத்தைப் பார்த்தார், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தார்.

"என்னங்க," என்றார் அழுதுகொண்டே, "நம்ம பிள்ளைங்களை ஒருநாளாவது தூளில போட்டு ஆட்டியிருப்பீங்களா?"

சிஸ்டர் கண்ணாடியை இறக்கினார். அதற்கு மேலாகப் பார்த்தார். ஆனால் நான் உயரத்தில் இருந்ததால் அவர் தலையை நன்றாக அண்ணாந்துதான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பார்வையின் வேகம் கொஞ்சம் குறைந்தது. "முதல்ல அவரை உட்கார வைக்கணும்," என்று மட்டும் சொல்லி நாற்காலியை இழுத்தார். சாரைப் பக்குவமாக உட்கார வைத்து, காலுக்குத் தலையணை வைத்து, நாடி பார்த்து, தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் சங்கிலியிடம் வந்தார்.

"எந்தப் பக்கம் இழுக்கணும்?"

மாணிக்கம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி மெல்லச் சுழற்றினார். சிஸ்டர் இழுத்தார். விரல் சுழன்றது, நான் இறங்கினேன். தரைக்கு ஓர் அடி இருக்கும்போது உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார். சிஸ்டர் நிறுத்தினார். காற்றில் ஆடிக்கொண்டிருந்த நான் நிலைக்கு வந்ததும் மறுபடி விரல் சுழன்றது. அவ்வளவு அழகாக யாரையும் யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். இறங்கியதும் கால் இரண்டும் மரத்துப்போய் என்னால் நிற்க முடியவில்லை. சார் பெரிய மனதோடு தன் வாக்கரை என் பக்கம் தள்ளினார்.

சிஸ்டர் கேஸ் ஷீட்டைக் கேட்டார். கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சாரிடம் திரும்பி, "வலி பத்துக்கு எவ்வளவுங்க?" என்றார்.

சார் மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார். "எட்டு. மாத்திரை போட்டா அஞ்சு. நடந்தா ஆறு." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிஸ்டர் ஷீட்டில் என் கோடு போட்ட வரியில் விரலை வைத்தார். "இந்த 'ஒத்துழைப்பு இல்லை'ங்கிறது யாரைப் பத்தி எழுதினது?"

"என்னைப் பத்திதான் சிஸ்டர்," என்றேன்.

கண்ணாடி மேலே ஏறியது. "நாளைல இருந்து மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழிச்சு நடக்க வை. கத்திரிக்கா வந்தா பையைச் சோதிச்சுப் பாரு," என்றார். கத்திரிக்காய் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு வாரத்தில் மாணிக்கம் சார் கோயில் கோபுரம்வரை நடந்துவிட்டு வந்தார். செண்பகம் அம்மா விரதத்தை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டார். ஏஜென்சியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வலியைக் கேட்டு எழுதுவது எப்படி என்று இப்போது நான்தான் வகுப்பெடுக்கிறேன். நோயாளி சொல்லும் எண்ணை எழுது, கம்பியைப் பிடிக்கிற கையையும் பார் என்று சொல்வேன். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டால், கொஞ்சம் உயரத்தில் இருந்து பார்த்தால் தெரியும் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆனால் வீட்டில் மாற்ற முடியவில்லை. என் கல்யாணத்துக்கு மாணிக்கம் சார் கைத்தடியோடு வந்து, சாப்பாட்டுப் பந்தியில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா பாயசத்தோடு சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அதிலிருந்து, எங்கள் வீட்டில் யார் தலைவலி என்று படுத்தாலும், "பத்துக்கு எவ்வளவு? சும்மா சொல்லாத, தொங்கவிட்டுக் கேக்கவா?" என்பார்கள்.

போன வருடம் மகள் பிறந்தாள். தூளி கட்டும் நாளில் மாணிக்கம் சார் புதுக் கயிறும் கொக்கியுமாக வந்து இறங்கினார். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், முடிச்சை இழுத்துப் பார்த்தார். என் மனைவி குழந்தையைத் தூளியில் போடப் போனபோது உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார்.

"மொதல்ல லோடு டெஸ்ட்."

கூடத்தில் இருந்த எல்லோரும், கைக்குழந்தை உட்பட, ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இப்போது நான் எழுபத்தொரு கிலோ. பேசாமல் போய்த் தூளியில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் வெளியே வைத்துக்கொண்டேன்.